வேளச்சேரியில் நான் திறந்த ஜன்னல்

பொங்கல் முடிந்த மறுவாரம் சென்னை வேளச்சேரியிலிருந்து மகள் செல்வி போன் செய்தாள். ஏழு வயதுப் பேத்தி கீர்த்திக்கு மூச்சிளைப்பு, தனக்கு லீவு இல்லை, பத்து நாள் வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்றாள். தை மாதத்தில் மரக்காணம் உப்பளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும், எனக்கும் வேலை இருக்காது. கிளம்பிவிட்டேன். இளைப்புள்ள பிள்ளைகளோடு இந்த வழியில் போகிறவர்கள் நான் செய்த தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

காலை 5.40 பஸ். திருவான்மியூர் வரை ஏறக்குறைய 110 கிலோமீட்டர், 120 ரூபாய். இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. அங்கிருந்து வேளச்சேரிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

மூன்றாவது மாடி வீடு. ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று போனில் பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும், பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் மோசம் என்று செல்வி சொன்னாள். காற்றைப் போனில் பார்ப்பார்களா என்று சிரித்தேன்.

உப்பளத்தில் நாங்கள் விடியுமுன்னே இறங்குவோம். வெயிலுக்கு முந்தின அந்தக் காற்றுதான் உடம்புக்கு நல்லது என்று நாற்பது வருஷமாக நம்பியவள் நான். மறுநாள் ஐந்து மணிக்கு ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். கீர்த்தியை எழுப்பி மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனேன். எங்கும் வெள்ளையாக இருந்தது. பனி என்று நினைத்தேன்.

"ஆயா, பொக வாசன வருது."

"பனிடி. நல்லா மூச்ச இழு."

இழுத்தாள். பத்து நிமிஷத்தில் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. தூக்கிக்கொண்டு இறங்கினேன். செல்வி இன்ஹேலர் மருந்தை உறிஞ்ச வைத்து, பிள்ளை அடங்கிய பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அவ நெஞ்சு இன்னா உன் உப்பளமாம்மா? இங்க விடிகாலைதான் மோசம். மத்தியானம் கொஞ்சம் தேவலாம்."

போனை நீட்டினாள். சிவப்பாக இருந்தது.

சனி, ஞாயிறு மட்டும் ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று கெஞ்சினேன். மருந்தையும் பழைய போனையும் கொடுத்து அனுப்பினாள். மரக்காணம் என்று போட்டால் புதுச்சேரிக் கணக்கைத்தான் காட்டியது. அது பச்சை. கீர்த்தி வரப்பில் ஓடினாள், இருமலே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "போறதுக்கு முன்ன பாத்தியா ஆயா?" என்று கேட்டாள். ஊரில் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பார்த்துச் சொன்னேன்.

திங்கள் பள்ளிக்கூடம். ஞாயிறு காலையில் கிளம்பி மத்தியானம் 2 மணிக்கு வேளச்சேரி போய்ச் சேர்ந்தோம். போகிறவர்கள் மத்தியானம் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். மருந்தைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கையில் வையுங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு ஜன்னலை உங்கள் ஊர் வழக்கத்துக்குத் திறக்காதீர்கள்.

அந்தத் திரும்பும் வழியில், சென்னை நெருங்க, கோவளம் தாண்டியதும் நானே பஸ் ஜன்னலை இழுத்து மூடினேன்.

"ஏன் ஆயா மூடற? காத்து வராதே" என்றார் கண்டக்டர்.

"வரக்கூடாதுன்னுதாம்பா."

கீர்த்தி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாத மூச்சு. திருவான்மியூர் வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.