அழித்தாலும் திரும்பி வந்த தேதி

எங்கள் குடித்தனம் நடந்ததே போன் காலண்டரை நம்பித்தான். வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி, வாராவாரம் மாறுகிற ஷிப்ட். எனக்கு சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு பர்ச்சேஸ் ஆபீஸ், பகல் வேலை. அவர் நைட் முடித்து உள்ளே நுழையும்போது நான் கம்பெனி பஸ்ஸுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். அதனால் இரண்டு பேர் போனுக்கும் பொதுவாக ஒரு காலண்டர் வைத்துக்கொண்டோம். அதை என் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் சேர்த்தேன். இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் வீட்டில் இருக்கிற ஒரே நாளில்தான் மேனேஜருக்கு மீட்டிங் ஞாபகம் வரும்.

நான் உண்டானதும் டாக்டர் சொன்ன பிரசவத் தேதியை அதில் போட்டது நான்தான். "பாப்பா" என்று மட்டும் எழுதினேன்.

நாலாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் இட்லி வாங்கி வந்தார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார், மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரெல்லாம் மனுஷனா என்று அம்மாவிடம் போனில் கத்தினேன்.

வேலைக்குத் திரும்பியதும் முதலில் அந்தத் தேதியை அழித்தேன். சில நாளில் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் அழித்தேன், போனில் அழித்தேன். ஒருநாள் மீட்டிங்கில் தேதி பார்க்கக் காலண்டரைப் பெரிய திரையில் திறந்தால், எல்லார் கண்ணெதிரிலும் "பாப்பா".

"மேடம், வீட்டுல விசேஷமா?" என்று ஒருவர் சிரித்தபடி கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பாழாய்ப்போன இந்த சாஃப்ட்வேரைச் சரிபண்ணு என்று, எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணிடம் சண்டைக்குப் போனேன். அவள் பொறுமையாகப் பார்த்தாள்.

"அக்கா, போனும் கம்ப்யூட்டரும் ஒண்ணா மாறுற சிங்க் எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. நீங்க அழிச்சது போயிடுது. ஒவ்வொரு வாட்டியும் வேற போன்லருந்து புதுசா போடறாங்க."

போட்டவர் யார் என்று கீழே காட்டியது. என் வீட்டுக்காரர் பெயர்.

சாயங்காலம் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தத் தேதிய நீங்கதான் திரும்பத் திரும்ப போடறீங்களா?"

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ அழிக்கறது தெரியும்மா. சரி, போவட்டும்னு ரெண்டு நாள் சும்மா கீறேன். அந்த இடம் காலியா கீறத பாத்தா இன்னாவோ பண்ணுது. போட்டுடறேன்."

"அப்போ எங்கிட்ட ஒரு வார்த்த பேசியிருக்கலாம்ல?"

"நீயே ஒடஞ்சி போய் கீற. நானும் குந்திகினு அழுதா, வூட்ல உன்ன யாரு பாக்கறது?"

அதற்குமேல் அவரால் முடியவில்லை. மடித்த சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே வற்றிப்போனது. துக்கம்தான் இரண்டு பங்கானது.

அந்த நாள் வந்தது. இருவரும் லீவு போட்டோம். எங்கேயும் போகவில்லை, சமையல்கூடச் செய்யவில்லை. காலையில் இரண்டு போனும் ஒன்றாக ஒலித்து "பாப்பா" என்று காட்டின. அவர் தன் போனைக் கையில் எடுத்தார். அழிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"வருசா வருசம் வர்ற மாதிரி வெச்சிடட்டா?" என்று கேட்டார்.

வையுங்கள் என்றேன்.