ரோகிணி மேடம் ஊற்றிய கூழ்

ரோகிணிக்குக் கோபம் வந்தால் விசில் ஊதுவாள். மைதானத்தில் மட்டுமல்ல, வீட்டிலும்தான். கணவன் முத்துக்குமரன் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலும் அவள் கழுத்தில் தொங்கும் விசில் ஒரு தடவை கத்தும். "அக்கம்பக்கத்துல நம்ம வீட்டைப் பள்ளிக்கூடம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்று முனகிக்கொண்டே அவன் துண்டை எடுத்துக் கொடியில் போடுவான்.

கீழக்குயில்குடிக்குப் போகிற சாலையில், சமணர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் அவள் பதினோரு வருஷமாக உடற்கல்வி இயக்குநர். பெயரில்தான் இயக்குநர். பந்துக்குக் காற்றடிப்பதும் ஓடுதளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவளேதான். செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கண்மாய்க்கரையில் செருப்பில்லாமல் ஓடிப் பழகி, மாவட்டப் போட்டிகளில் கோப்பை வாங்கியவள். முப்பத்தாறு வயதிலும் மாணவர்களோடு மலையடிவாரம் வரை ஓடிவிட்டு, மூச்சு வாங்காமல் அவர்களைத் திட்டுவாள்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பிள்ளைகள் தின்கிற தீனி அப்படி. காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒன்றும் கிடையாது. பதினோரு மணிக்கு ஒரு பப்ஸும் ஒரு பாட்டில் கலரும். வீட்டில் கட்டிக் கொடுத்த மத்தியானச் சோற்றில் பாதி கல்லூரி நாய்க்குப் போகும். சாயங்காலம் ஆனால் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, இலையே முழுகும்படி சால்னாவை ஊற்றிக்கொள்வார்கள். இரண்டு மாடி ஏறுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "எங்கப்பா எழுபது வயசுல பம்புசெட்டு வரைக்கும் நடந்து போயிட்டு வாராரு. இருபது வயசுல உங்களுக்கு என்னடா கேடு?" என்று கேட்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் விசில் ஊதுவாள்.

அந்த வருஷ ஜூன் மாதம்தான் விடுதிப் பிள்ளைகளுக்காகக் காலை ஆறு மணி ஓட்டத்தைத் தொடங்கினாள். முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஐம்பதைத் தாண்டியது. அந்தக் கூட்டத்தில்தான் பவதாரிணியைப் பார்த்தாள். கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், இரண்டாம் வருஷம் கணிதம். பேச்சு அளந்துதான் வரும், ஓட்டம் அப்படியில்லை. பதினோரு வருஷத்தில் இப்படி ஓடுகிற கால்களை ரோகிணி பார்த்ததில்லை. செப்டம்பர் கடைசியில் நடக்கும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இவளை ஓடவைத்தே தீருவது என்று அன்றைக்கே மனதில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண் நான்காவது வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தாள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், ஹீமோகுளோபின் எட்டு புள்ளி மூன்று என்றார். "பத்து வராம ஓடவிடாதீங்க, நடக்கட்டும். மாத்திரை எழுதித் தாரேன். ஆனா வெறும் வயித்தோட இருக்கிற பிள்ளைக்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்? காலையில சத்தா எதாவது உள்ள போகணும்."

விடுதியில் எட்டு மணிக்குத்தான் அடுப்படிக் கதவே திறக்கும். அதற்கு முன்னால் ஓடுகிற பிள்ளைகளின் வயிற்றுக்கு என்ன வழி? ரோகிணி யோசித்தாள். ஆடி பிறந்திருந்தது. வழி தானாக வந்து நின்றது.

ஆடி என்றால் அவள் ஊரில் கூழ். அம்மன் கோயில் வாசலில் வருஷா வருஷம் அவர்கள் குடும்பம்தான் கூழ் ஊற்றும். பத்து வயதில் ஸ்டூலில் ஏறி நின்று முதன்முதலாகச் செம்பைப் பிடித்தது அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அப்பா மலையாண்டி பக்கத்தில் நின்று, "செம்பு படாம ஊத்து பாப்பா, நல்லா ஒசத்தி ஊத்து" என்று பழக்கினார். அன்றிலிருந்து ஒரு ஆடி தவறியதில்லை. ஒரு முழ உயரத்திலிருந்து கம்பிபோல இறக்குவாள், ஒரு சொட்டு வெளியே போகாது. அவளுக்குத் தெரிந்த சந்தோஷங்களில் அது பெரியது.

ஆகவே ஒரு திங்கட்கிழமை, இரண்டு பெரிய எவர்சில்வர் வாளி நிறையக் கம்பங்கூழும் ஒரு டப்பா சின்ன வெங்காயமும் மோர் மிளகாயுமாக வந்து இறங்கினாள். ஓடி முடித்தவர்களை வேப்பமரத்தடியில் வரிசையில் நிறுத்தினாள். ஆளுக்கொரு டம்ளரை ஏந்த, அவள் செம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். அவனியாபுரத்துச் செல்வக்குமார் மூன்று முறை வரிசையில் வந்தான்.

"மேடம், வெயில் காலத்துல எங்க ஏரியாவுல வண்டியில விப்பாங்க. அதைவிட இது சூப்பர் மேடம்."

"நாலு ரவுண்டு ஓடுனா நாலாவது டம்ளர் உண்டு, போடா."

பவதாரிணி வரிசைக்கு வரவில்லை. நடந்து முடித்ததும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். கூச்சமாக இருக்கும் என்று ரோகிணி நினைத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவளோடு இன்னும் நான்கு பேர் விலகிப் போனார்கள். யாருக்காக விடியற்காலையில் எழுந்து கூழ் கிண்டினாளோ அந்தப் பெண்ணின் வயிறு மட்டும் காலியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ரோகிணிக்குப் பொறுமை போயிற்று. விசில் ஊதி அவளை நிறுத்தினாள். ஐம்பது பேர் டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரோட்டான்னா ஓடி வருவீக, கூழுன்னா கசக்குதோ? உங்க வீட்ல எல்லாம் இதைக் குடிச்சு வளந்ததுதானே பவதாரிணி? இதுல என்ன கௌரவம் பாக்குற?"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கவில்லை, கண் கலங்கவில்லை. திரும்பி நடந்தாள். திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த நான்கு பேரும் வரவில்லை. அறைத்தோழி சத்யப்ரியாதான் மெல்ல வந்து சொன்னாள். "ஊருக்குப் போயிட்டா மேடம். மாத்திரையெல்லாம் மேசையிலயே கிடக்கு. இனிமே கிரவுண்டுக்கே வரமாட்டாளாம்."

தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ரோகிணிக்கு உண்மையாகவே புரியவில்லை. புரியாததுதான் அவளை அதிகமாக அரித்தது. புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, அந்த மாத்திரைகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினாள்.

பவதாரிணியின் அம்மா பாண்டிச்செல்வி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். ரோகிணி போய்ச் சேர்ந்தபோது மத்தியான மணி அடித்திருந்தது. வராந்தாவில் பிள்ளைகள் தட்டோடு இரண்டு வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிச்செல்வி ஒவ்வொரு தட்டுக்கும் குனிந்து குனிந்து சோறு வைத்துக்கொண்டு வந்தார். குழம்புக் கரண்டி தட்டில் பட்டு டங்கென்று சத்தம் கேட்டது. கடைசிப் பிள்ளைக்கு முட்டை வைத்து முடிக்கும் வரை வந்தவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்க மேடம். பவா வீட்லதான் இருக்கா. நீங்க வாரதா போன்ல சொன்னதும் கூப்பிட்டுப் பாத்தேன், வரமாட்டேங்குறா."

"அவளுக்குக் கம்பு சேராதாக்கா? சொல்லியிருந்தா வேற எதாவது கொண்டு வந்திருப்பேனே."

பாண்டிச்செல்வி சிரித்துவிட்டார். "யாரு சொன்னா? கம்புத் தோசை சுட்டா ஒத்தையா உக்காந்து நாலு திம்பா. கம்பு மேல எங்களுக்கு என்ன கோவம்?"

"அப்புறம் ஏன்க்கா?"

பாண்டிச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார்.

"நான் சின்னப்பிள்ளையா இருக்கையில எங்காத்தாகூடக் களையெடுக்கப் போவேன் மேடம். மத்தியானம் காட்டுக்காரவுக வீட்ல இருந்து கூழு வரும். வரிசையா நிக்கணும். சட்டிய இப்படி ஏந்திப் பிடிக்கணும். அவுக செம்பு எங்க சட்டியில பட்டுறக் கூடாதுல்ல, அதுனால ஒசரத்துல இருந்து ஊத்துவாக. சிந்தும். சிந்துனா, ஒழுங்கா ஏந்தத் தெரியாதான்னு நாங்கதான் ஏச்சு வாங்கணும். எம்மகளுக்கு நான் வேற ஒண்ணும் பெருசா சொல்லிக் குடுக்கல. யாருகிட்டயும் ஏந்தி நின்னு வாங்கிக் குடிக்காத, எதுனாலும் உக்காந்து தின்னுன்னு மட்டும் சொல்லியிருக்கேன். இங்க எம்புட்டுப் பிள்ளைக வந்தாலும் உக்கார வச்சுத்தான் போடுவேன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியுது மேடம். ஆனா அம்புட்டுப் பேருக்கு முன்னால, உங்க வீட்ல குடிச்சு வளந்ததுதானேன்னு கேட்டீகளாம்ல. அதுதான் அவளுக்குப் பொறுக்கல."

செம்பு படாம ஊத்து பாப்பா. அப்பா அதைச் சிந்தாமல் ஊற்றுவதற்கான கைப்பக்குவமாகச் சொன்னார் என்றுதான் ரோகிணி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். கோயில் வாசலில் தனியாக ஒதுக்கி நிறுத்திய வரிசைக்கு மட்டும்தான் அப்பா அதைச் சொன்னார் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அப்பா மேல் கோபமும் வந்தது, ஆனால் வேப்பமரத்தடியில் ஊற்றிய கை அவளுடையதுதான். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் அந்தக் கையை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

"தப்பு என்னோடதுதான்க்கா."

"எங்கிட்டச் சொல்லி என்ன மேடம். வீட்டுக்கு வாங்க, அவகிட்டச் சொல்லுங்க."

"இல்லக்கா. எல்லாருக்கும் முன்னால பேசுனதை வீட்டுக்குள்ள வந்து ரகசியமா மன்னிப்புக் கேட்டா அது சரியா இருக்காது. மாத்திரையை மட்டும் குடுத்துருங்க. அவ எப்ப வாராளோ வரட்டும்."

பாண்டிச்செல்வி ஒரு தட்டைக் கழுவி எடுத்து வந்தார். "பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு. உக்காருங்க."

ரோகிணி பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்தாள். பாண்டிச்செல்வி குனிந்து சோறு வைத்தார். பக்கத்திலிருந்த சிறுமி, மேடத்துக்கு முட்டை வைக்கவில்லை என்று நினைவூட்டினாள்.

மறுநாள் காலை வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தது. நடுவில் வாளிகள், பக்கத்தில் கரண்டிகள். வரிசை கிடையாது. ரோகிணி விசிலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் பேசினாள்.

"போன வெள்ளிக்கிழமை பவதாரிணியை இங்க வச்சு நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு. அவ வீட்டைப் பத்திப் பேச எனக்கு உரிமை இல்ல. நிக்க வச்சு ஊத்துனதும் தப்பு. இனிமே எல்லாரும் உக்காந்து, வேணுங்கிறதை நீங்களே எடுத்துச் சாப்பிடுங்க."

ஐம்பது பேரும் கீழே பார்த்தார்கள். செல்வக்குமார் மட்டும், "மேடம், அப்ப நாலாவது டம்ளருக்கு ஓட வேணாமா?" என்று கேட்டு அந்த இறுக்கத்தைக் கலைத்தான். அவனை அன்றைக்கு அவள் திட்டவில்லை.

பவதாரிணி அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விலகிப் போன நான்கு பேரில் இரண்டு பேர் வந்து, தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்கள். சனி, ஞாயிறு கழிந்தது. ஆடிக் கூழ் ஊற்ற வரச்சொல்லி ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். பந்தி போட்டு எல்லோரையும் உட்காரவைத்தால் வாரேன் என்றாள். மலையாண்டி போனை வைத்துவிட்டார். அந்த வருஷம் அவள் ஊருக்குப் போகவில்லை.

செப்டம்பரில் எடுத்த பரிசோதனையில் பவதாரிணிக்குப் பத்து புள்ளி இரண்டு வந்ததும், போட்டியில் அவள் மூன்றாவதாக வந்ததும் பிறகு நடந்தவை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் அவள் படம்கூட ஒட்டினார்கள். ரோகிணிக்கு அதைவிட மனதில் நிற்பது, அந்தச் சனி ஞாயிறுக்கு அடுத்து வந்த புதன்கிழமைதான்.

அன்றைக்கு ஆறு மணிக்குப் பவதாரிணி வந்தாள். டாக்டர் சொன்னபடி ஓடாமல் நடந்தாள். எல்லோரும் தார்ப்பாயில் உட்கார்ந்தபோது, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கடைசியில் போய் உட்கார்ந்தாள். வாளிப் பக்கம் கை நீட்டவில்லை.

ரோகிணி செம்பில் மொண்டுகொண்டு போய் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "ஊத்தட்டுமா?"

பவதாரிணி டம்ளரை ஏந்தவில்லை. தார்ப்பாயின் மேல் வைத்தாள். ரோகிணி செம்பின் வாயை டம்ளரின் விளிம்பில் அழுந்த வைத்துச் சாய்த்தாள். இருபத்தாறு வருஷமாக ஒரு சொட்டுச் சிந்தாத கைக்கு அந்தச் சாய்வு பழக்கமில்லை. கூழ் வழிந்து அந்தப் பெண்ணின் பாதத்தில் விழுந்தது.

"ஐயோ, சிந்திட்டேனே."

பவதாரிணி துண்டால் பாதத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சிந்துனா சிந்தட்டும் மேடம். இப்படி ஊத்துறது உங்களுக்கு மொதத் தடவைதானே" என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக் குடித்தாள்.