டூட்டிக்குப் போறியா, வர்றியா?

சென்ற மாதம் எனக்குப் பொய் சொல்கிற வேலை ஒன்று கிடைத்தது.

கொடுத்தவர் எஸ்தர் அக்கா. ஊத்துக்கோட்டையில் ஒரு சேஃப்டி ஷூ கடை இருக்கிறது. அங்கே முன்பின் தெரியாத ஆள் போலப் போய், ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், ஷூ வேண்டும் என்று கேட்க வேண்டும். கடைப்பெண் எப்படி நடந்துகொள்கிறாள் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஐம்பத்தைந்து வயதில் என்னை எந்தக் கம்பெனி புதிதாகச் சேர்க்கும்? கேட்டேன். "வாட்ச்மேன்னு சொல்லு தம்பி. உன் மூஞ்சிக்கு நம்புவாங்க" என்றார் அக்கா.

அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், ஒரு டீக்கடையை ஒட்டி அவருடைய கடை. ஷூ, கிளவுஸ், ஹெல்மெட், காக்கிச் சட்டை — ஃபேக்டரிக்குள் போகிறவனுக்குத் தலை முதல் கால் வரை என்னென்ன வேண்டுமோ எல்லாம் அங்கே கிடைக்கும். நான் இந்தப் பத்தி எழுத வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் அந்தப் பேட்டையில்தான் குப்பை கொட்டினேன்.

முதல் நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீடு செவ்வாப்பேட்டையில். விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, படியேறி ஓடி, கும்மிடிப்பூண்டி வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தால்... கேட்டில் செக்யூரிட்டி என் ரப்பர் செருப்பைப் பார்த்துவிட்டு, ஷூ இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். முதல் நாளே லேட். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அக்காவின் கடைக்குள் நுழைந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். "டூட்டிக்குப் போறியா, வர்றியா?" என்று கேட்டார். போறேன்க்கா என்றேன். ஊர் பேர் தெரியாத இடத்தில் நம்மை விசாரிக்கவும் ஒருத்தர் இருக்கிறாரே என்று அப்படி ஒரு ஆறுதல். ஷூவை மாட்டிவிட்டு, டீக்கடை வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னார். நான் திரும்பி வரும்வரை என் செருப்பு கடையில் பிணையாக இருந்தது. இரும்பு மூக்கு வைத்த ஷூ. புதுத் தோல் வாசனை. போலீஸ்காரர் மாதிரி டக் டக்கென்று நடந்து போய் வந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை ஜோடி வாங்கியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான். நானும் ஏதோ ஒரு பதில் சொல்வேன்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது சத்தம். மதியம் இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வெளியே வரும், செகண்ட் ஷிஃப்ட் உள்ளே போகும். ஒரே ரோட்டில் நூற்றுக்கணக்கான ஷூக்கள் எதிரும் புதிருமாக... அந்தச் சத்தத்தில் டீக்கடை ரேடியோ கேட்காது. எதிரே வருகிறவன் கையைத் தட்டிவிட்டுப் போவோம். பேச நேரமிருக்காது, ஆனால் பேசிவிட்ட மாதிரி இருக்கும். இப்போது கம்பெனி பஸ் கேட்டுக்குள்ளேயே போய்த் திரும்புகிறது. ரோடு இருக்கிறது, சத்தம் இல்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

அக்காவின் மகள் ஜெனிஃபர் என்னைப் போல் உட்கார்ந்து பெருமூச்சு விடவில்லை. எம்.பி.ஏ. படித்த பெண். ஆட்கள் இப்போது முன்போல் கடை வாசலில் நடந்து போவதில்லை, பஸ்ஸில் போகிறார்கள், அதனால் பஸ் ஏறும் இடத்துக்குக் கடை போக வேண்டும் என்றாள். முதலில் ஊத்துக்கோட்டை. அது தேறினால் திருவள்ளூர். கணக்குச் சரிதானே?

கிளை திறப்பதற்கு முன் ஒரு வாரம் அம்மாவின் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். அம்மா செய்வதையெல்லாம் எழுதினாள். வந்தவரை முதலில் உட்கார வைக்க வேண்டும். நம்பர் கேட்பதற்கு முன் காலைப் பார்க்க வேண்டும். இரண்டு காலிலும் மாட்டி லேஸ் கட்ட வேண்டும். வெளியே நடக்க விட வேண்டும். மொத்தம் இருபத்திரண்டு விதிகள். அழகாக டைப் செய்து பிளாஸ்டிக் உறை போட்டு ஊத்துக்கோட்டைக் கடைச் சுவரில் மாட்டிவிட்டாள். "அம்மாவையே லேமினேட் பண்ணிட்டியேம்மா" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன்.

கடையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் பவானி. பெரியபாளையம் பக்கத்துப் பெண். ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்தவள்.

மூன்று மாதம் ஆனது. விற்ற ஷூ எல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. பிடிக்கிறது, விரல் நசுங்குகிறது, நகம் கறுத்துவிட்டது... ஆளுக்கு ஒரு புகார். அதே சரக்குதான் கும்மிடிப்பூண்டியிலும் விற்கிறது. அங்கே ஒன்றும் திரும்பி வருவதில்லை. அப்புறம் என்ன? பவானியிடம்தான் கோளாறு என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். அந்த மாதத்தோடு ஊத்துக்கோட்டைக் கடையை மூடிவிடலாம், திருவள்ளூர்ப் பேச்சே வேண்டாம் என்றார். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று ஜெனிஃபர் கெஞ்சியதில் பிறந்ததுதான் என் பொய் வேலை.

காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். குறை கண்டுபிடிக்கவே போனவன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உட்கார வைத்தாள். காலைப் பார்த்தாள். எட்டாம் நம்பர் எடுத்தாள். லேஸ் கட்டினாள். எதிரே இருந்த ஜூஸ் கடை வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. நான் வாட்ச்மேன் என்பதைக் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. அதுதான் சற்று வருத்தம்.

ஷூவை வாங்கி, போட்டுக்கொண்டே கிளம்பினேன். ஷேர் ஆட்டோ, பஸ், ரயில், நாள் முழுக்க நாலு இடத்தில் வேலை. சாயந்திரம் இடது சுண்டுவிரல் முனக ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து கழற்றினால் வரவில்லை. ரிப்போர்ட் எழுதப் போனவன் நானே ஒரு புகாராகிவிட்டேன்!

மறுநாள் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். பவானி மேல் தப்பில்லை என்றேன். அக்கா நம்பவில்லை. அப்போது ஒருவர் உள்ளே வந்து எட்டாம் நம்பர் கேட்டார்.

"டூட்டிக்குப் போறியா நைனா, வர்றியா?"

போகிறேன் என்றார் அவர். அக்காவின் கை ஒன்பதாம் நம்பர் தட்டுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். அவரும் எட்டுதான் கேட்டார். அதே கேள்வி. வர்றேன்க்கா என்றார். அக்கா எட்டையே எடுத்தார்.

எனக்குள் ஏதோ பொறி தட்டியது. பவானி எல்லாம் செய்தாள். இதை மட்டும் கேட்கவில்லை!

அந்தக் கேள்வி எதற்கு என்று அக்காவிடம் கேட்டேன்.

"எந்தக் கேள்வி? நான் எங்க கேட்டேன்?"

விளையாடவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. ஜெனிஃபருக்குத் தெரிந்திருக்கிறது. "அது அம்மா எல்லாரையும் சும்மா கேக்கறதாச்சே அங்கிள்... அதனாலதான் எழுதல" என்றாள். நானாவது கண்டுபிடித்தேனா? பத்தொன்பது வருடம் பதில் சொன்னேன். குசலம் விசாரிக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அட்டைப்பெட்டியை மூடி ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்க மாமா ஷூவ காலைல அவரே மாட்டிக்குவாரு. டூட்டி முடிஞ்சி வந்தா காலு ஊதிக்கினு இருக்கும். நான்தான் கீழ குந்திக்கினு புடிச்சி இழுப்பேன்."

அக்காவின் கணவர் இரும்பு உருக்கும் பட்டறையில் உலைப் பக்கம் வேலை பார்த்தவர். இறந்து ஒன்பது வருடமாகிறது. காலையில் இருக்கும் கால் வேறு, எட்டு மணி நேரம் நின்ற கால் வேறு என்பதை அக்கா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வீட்டுத் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். வாய் அதுவாகக் கேட்டது, கை அதுவாக எடுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க ஹெல்மெட் ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

அப்புறம் எல்லாம் விளங்கியது. கும்மிடிப்பூண்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள்; ஊதிய காலுக்குப் பொருந்தும் ஷூ பிறகு பிடிக்காது. ஊத்துக்கோட்டையிலோ பஸ் ஏறும் முன் காலையில் வாங்குகிறார்கள், இல்லாவிட்டால் லீவு நாளில். ஓய்வெடுத்த காலுக்கு எட்டு கச்சிதம். மதியத்துக்கு மேல் அதே எட்டு எமன்.

"அந்தப் பொண்ண இன்னா இன்னாவோ நெனச்சிட்டேன் தம்பி" என்றார் அக்கா. மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை அவர். மறுநாள் முதல் பஸ்ஸில் இடியாப்பம் கட்டிக்கொண்டு ஊத்துக்கோட்டைக்குப் போய்விட்டார். அன்றைக்கே சுவரில் இருபத்துமூன்றாவது விதி ஏறியது. ஜெனிஃபர் இந்த முறை காரணத்தையும் சேர்த்து எழுதியிருந்தாள்.

கிளை திறக்க நினைக்கிறவர்கள் இடம் தேடுகிறார்கள், ஆள் தேடுகிறார்கள். தேடட்டும். அதற்கு முன்னால், இருக்கிற கடை எதனால் ஓடுகிறது என்று தேடினால் தேவலை. முதலாளியைக் கேட்டுப் பயனில்லை, அவருக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, இது எதற்கு, அது எதற்கு என்று வெட்கமில்லாமல் நச்சரிக்க ஒரு ஆள் வேண்டும்.

போன சனிக்கிழமை என் ஷூவை மாற்றிக்கொள்ள ஊத்துக்கோட்டைக்குப் போனேன். நான் வாட்ச்மேன் இல்லை என்பது பவானிக்கு இப்போது தெரியும். சிரித்துக்கொண்டே உட்கார வைத்தாள். காலைப் பார்த்தாள்.

"டூட்டிக்குப் போறீங்களாண்ணே, முடிச்சிட்டு வர்றீங்களா?"

எத்தனை வருடம் கழித்து என்னிடம் இந்தக் கேள்வி! ரோடு முழுக்க அந்த ஷூ சத்தம் ஒரு நிமிடம் காதில் கேட்டது. "முடிச்சிட்டேம்மா..." என்றேன், உருக்கமாக.

பவானி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"காலைல பதினோரு மணிக்கு எந்த ஷிஃப்ட்ணே முடியிது?" என்று கேட்டபடியே ஒன்பதாம் நம்பரை எடுத்தாள்.

திருவள்ளூர் கடைக்கு மேனேஜர் ரெடி!