வாடாத பூவும் மொட்டைமாடிச் சாவியும்

வாடாத பூக்களின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். தி.நகர் கல்யாண மண்டபங்களில் மேடை அலங்கார வேலைக்குப் போன காலத்தில்தான் ஆர்க்கிட்டை முதலில் தொட்டேன். அட்டைப்பெட்டியில் வரும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் தண்ணீர் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் குப்பி செருகியிருக்கும். மல்லிகை மதியத்துக்குள் சுருண்டுவிடும், ரோஜா இதழ் உதிர்க்கும். இது மட்டும் மாப்பிள்ளை வீட்டார் சண்டை போட்டு, சமாதானமாகி, சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் வந்த மேனிக்கு இருக்கும். வாசனையும் கிடையாது. ஒருநாள் யாரும் பார்க்காதபோது ஓர் இதழைக் கடித்துப் பார்த்தேன். வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது. நிஜப் பூதான் என்று தெரிந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

அதற்குப் பிறகு பாலவாக்கத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை, சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு லாட்ஜ், நடுவில் கொஞ்ச காலம் படுக்க இடமில்லாமல் திருவான்மியூர் பேருந்து நிலையம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேலை கிடைப்பது கஷ்டமில்லை. கிடைத்த வேலையில் நிற்கத்தான் எனக்கு வரவில்லை. அப்படிச் சுற்றித்தான் அடையாறில் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரம்மா மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போகவிருந்தார். மொட்டைமாடியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே ஆர்க்கிட் வளர்த்தார். செடிகளைப் பார்த்துக்கொண்டால் மாடிப்படிக்கு அடியிலிருந்த அறையில் வாடகை இல்லாமல் இருக்கலாம் என்றார். செடிகளுக்குக் கேன் தண்ணீர்தான். குழாயில் வரும் உப்புத் தண்ணீர் பட்டால் வேர் கருகிவிடும். நான் குழாய்த் தண்ணீர் குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூடையில் தொங்கிய ஒரு நீலச் செடி பல வருடம் பூக்காமல் இருந்து, அவர் கிளம்பும் வாரம் பார்த்து மொட்டுக் கொத்து விட்டிருந்தது. "அது விரியறப்போ நான் இருக்க மாட்டேன். தினமும் காலையில போட்டோ அனுப்பு. ஏதாவது ஆச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்வதை நான் எப்போதும் இரண்டு முறை யோசிப்பேன்.

பூக்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளங்கை அகலம். வானத்தின் நிறமும் இல்லை, கத்தரிக்காய் நிறமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இதழில் நரம்பு நரம்பாகக் கோடுகள். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் பல நாள் டீ குடிக்கக்கூட மறந்திருக்கிறேன். அப்படிப் பார்த்ததால்தான் ஒருநாள் காலை ஒரு பூ குறைந்திருப்பது உடனே கண்ணில் பட்டது. கீழே விழவில்லை. காம்பை நகத்தால் கிள்ளியிருந்தார்கள். மறுநாள் இன்னொன்று.

முதலில் அணிலைச் சந்தேகப்பட்டேன். அணிலுக்கு அவ்வளவு சுத்தமாகக் கிள்ள வராது. தண்ணீர் கேன் போடுகிறவர் மாடிக்கே வருவதில்லை. கீழ்வீட்டில் குடியிருக்கும் மாமா விடியற்காலையில் மாடியில் நடப்பார். அவருக்காகத்தான் நான் எழுந்ததும் மாடிக்கதவைத் திறந்து வைப்பேன். ரிட்டையரான மனிதர், நெற்றி நிறைய விபூதி. அவரைச் சந்தேகப்பட எனக்கே தயக்கமாக இருந்தது. என்னைச் சந்தேகப்பட யாருக்கும் அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

போட்டோவைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா போன் செய்தார்.

"நேத்து இருந்த பூ எங்கே?"

"தெரியலம்மா. யாரோ கிள்ளியிருக்காங்க."

"யாரோன்னா? சாவி உன்கிட்டதானே இருக்கு? நீ மண்டபத்துல பூ வேலை பார்த்தவன். எந்தப் பூ எங்க போகும்னு உனக்குத் தெரியாதா?"

பதில் சொன்னால் ஏதோ மறைப்பதுபோல் ஆகும், சொல்லாவிட்டாலும் அப்படித்தான். பையை எடுத்து வைத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். அது எனக்குப் பழக்கப்பட்ட வேலை. ஆனால் மேலே இன்னும் மொட்டுகள் இருந்தன. பாதியில் விட்டுப் போக மனம் வரவில்லை.

தெருமுனையில் ஒரு பழைய வீட்டு மாமரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கிளையில் காட்டு ஆர்க்கிட் ஒன்று தானாக முளைத்திருந்தது. விறைத்த இலைகள், பல்லி மாதிரி கிளையைப் பற்றிய வெள்ளை வேர்கள், லுங்கித் துணிபோல் பழுப்பில் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் ஊதா நாக்கு. வளர்த்த பூவுக்கு இல்லாத வாசனை இதற்கு இருந்தது. மனசு சரியில்லை என்றால் அதன் கீழே போய் நிற்பேன். அண்ணாந்து பார்த்தால் அந்த வீட்டு ஜன்னலில் உடனே ஒரு தலை தெரியும். அதனால் காதில் போனை வைத்துப் பேசுவதுபோல் நடித்துக்கொண்டே பார்ப்பேன். மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும் அந்த நடிப்பு தெரியும்.

"இன்னா நைனா, இன்னிக்கு யாராண்ட பேசற? போன்ல லைட்டே எரியல?" என்றார்.

"பூவைத்தான் பார்க்கிறேன்."

"பூவா அது? புல்லுருவி. மரத்தோட ரத்தத்த உறிஞ்சிக்கினு கீது. ஒருநாள் நானே ஏறிப் புடுங்கப் போறேன்."

"அது எதையும் உறிஞ்சாது. சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"ஒட்டிக்கினு கீறவன்லாம் இத்தான் சொல்றான்" என்று துணியைத் தேய்த்தார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, குரலைத் தணித்தார். "உன் மாடிப் பூவு நீலமா இருக்கும்னு சொன்னியே? பிள்ளையார் கோயில் பக்கெட்ல ஒண்ணு கெடந்துச்சு. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். தெருவோரச் சின்னக் கோயில். நேற்றுச் சாத்திய அருகம்புல், எருக்கமாலை எல்லாவற்றையும் காலையில் கழித்து ஒரு பக்கெட்டில் போட்டிருந்தார்கள். கருகிக் கிடந்த அந்தக் குவியலுக்கு மேலே என் நீலப் பூ, கிள்ளிய நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே கிடந்தது. நிமிர்ந்தால் பிள்ளையார் காதோரத்தில் இன்றைய பூ. எதிரே கண்ணை மூடிக்கொண்டு மாமா நின்றார். கையில் பூக்குடலை.

கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துக் கொஞ்சமும் கலங்கவில்லை.

"எப்படி இருக்கு பார்த்தியா? அம்சமா இல்லே?"

"அது அம்மா பூ, மாமா."

"ஸ்வாமிக்குத்தானேடா வெச்சேன். ஆத்துக்கா எடுத்துண்டு போனேன்?"

"நேத்துப் பூவே வாடலையே. ஏன் தினமும் புதுசு?"

"வாடலேன்னா? நேத்து வெச்சதை இன்னிக்கு எப்படி வெக்கறது?" என்று என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு அடிப்படையே தெரியவில்லை என்ற வருத்தம் இருந்தது.

பிள்ளையாரையும் பக்கெட்டையும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது.

"மாமா என்கிட்ட பேசினார். போனது போகட்டும், சாமிக்குத்தானே. நீ ரூம்லயே இரு. ஆனா மாடிச் சாவி இனிமே மாமாகிட்ட இருக்கட்டும்."

"பூவை எடுத்தது அவர்தானேம்மா?"

"அவர் என்ன பண்ணுவார்னு தெரிஞ்சுபோச்சு. நீ என்ன பண்ணுவேன்னு எனக்கு இன்னும் தெரியலையே."

அறை போகவில்லை என்பது வரை நல்லது. சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா அதைப் பூணூலில் முடிந்துகொண்டார்.

அன்றிலிருந்து காலையில் அவர் கதவைத் திறப்பார், நான் தண்ணீர் தெளிப்பேன். நான் மொட்டுகள் பக்கம் போனால் அவர் நடையை நிறுத்துவார். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் நான் கேனைக் கீழே வைப்பேன். மற்றவை விரிந்துவிட்டன, கடைசி மொட்டு மட்டும் மிஞ்சியது. அது எப்போது விரியும் என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியும். மறுநாள் வழக்கத்துக்கு முன்னாலேயே எழுந்து போனேன். அவர் ஏற்கெனவே மாடியில் நின்றிருந்தார், குளித்த ஈரம் காயாமல். குடலை கையில் இல்லை. அதையும் நான் நம்பவில்லை.

மொட்டு வாய் பிளந்திருந்தது. ஓர் இதழ் மெல்ல விலகியது, பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் அதற்கு இரண்டு பக்கமும் நின்றோம்.

"நீ போய்ட்டு வா. நான் பூட்டிண்டு வரேன்" என்றார் மாமா.

"பரவாயில்ல மாமா, நீங்க முன்னாடி போங்க."

அவர் போகவில்லை. வெயில் ஏறி வலைக்குள் வரத் தொடங்கியது. இரண்டாவது இதழ் விலகியபோது அவர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். நானும் வந்தேன்.