மச்சினன் ஷிப்ட்

கடற்படைக்கே சோறு போட்ட கப்பல் அது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. நடுக்கடலில் போர்க்கப்பல்கள் பக்கத்தில் வந்து சேர்ந்து ஓடும். இது குழாயை நீட்டி எண்ணெய் கொடுக்கும், கயிற்றில் மாவும் மருந்தும் மூட்டை மூட்டையாக அனுப்பும். பதக்கமெல்லாம் வாங்கித் தின்றவர்களுக்குப் போயிற்று.

அதில் மாவுக்கிடங்கைப் பார்த்துக்கொண்டவருக்கு ‘மாவு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கிடங்கு வேலையில் ஆபத்து என்றால் எலிதான். ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய மனிதர். கெடுத்தது மச்சினன் பாசம்.

மனைவியின் தம்பிக்கும் அதே கப்பலில்தான் வேலை, அடித்தளத்துப் பம்பு அறையில். படியிறங்கினாலே அவனுக்கு மூச்சு முட்டும், குமட்டிக்கொண்டு வரும். “என் தம்பியக் கொஞ்சம் பாத்துக்கங்க” என்று அக்காக்காரி சொல்லியனுப்பியிருந்தாள். மாவு பார்த்துக்கொண்டார். தன் வேலை முடிந்ததும் அவனை மூட்டைமேல் படுக்கவைத்துவிட்டு, அவன் ஷிப்டுக்கு இவர் இறங்கினார். ஒரு நாளா, இரண்டு நாளா? பதினாறு வருடம். யார் நின்றாலும் யாருடைய ஷிப்டோ அவர் பெயரில்தான் கையெழுத்து என்பது அந்தக் கப்பலின் வழக்கம். அதிகாரிகளுக்கும் தெரியும். பம்பு ஓடினால் போதும் அவர்களுக்கு.

சூடான குழாய்களில் வெள்ளைக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சுற்றியிருக்கும். கப்பல் குலுங்கும்போதெல்லாம் தூளாக உதிரும். “மேலயும் மாவு, கீழயும் மாவு” என்று சிரித்தபடி தோளைத் தட்டிவிட்டுக்கொள்வார். சிரித்த வாய் வழியாகத்தான் அதுவும் உள்ளே போயிருக்கிறது.

கப்பலை உடைக்க விற்ற வருடம் இருமல் தொடங்கியது. கப்பலை மூன்றே மாதத்தில் தகடு தகடாக அறுத்து முடித்தார்கள். இவர் விஷயத்தில் இருமலுக்கு அவசரமில்லை. நாலாவது வருடம், பத்தடி நடப்பதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. பம்பு அறையில் வேலை பார்த்தவர்களுக்குக் கடற்படை ஆஸ்பத்திரியில் படுக்கையும் ஆக்சிஜனும் உண்டு என்று உத்தரவு வந்தபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். “ஒரு நாள்கூட உங்களுக்குப் பம்பு ரூம் டூட்டி இல்லையே. யாருக்காக நின்னீங்களோ, அவர எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

மச்சினன் இவர் வீட்டுக்கு வந்தான். தலை நிமிரவில்லை. “எழுதிக் குடுத்தா என் பென்ஷன் போயிடும், மாமா. ரெண்டு பொண்ணுங்க இருக்கு.” தன் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து நீட்டினான். “இதுல போட்டோ கிடையாது. என் பேர்ல போய்ப் படுத்துக்கங்க.”

“இதுவும் உன் ஷிப்டுதானா, மச்சான்?” என்றார் மாவு. பக்கத்தில் நின்ற மனைவியோடு மூன்று பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். வரவில்லை.

படுக்கை கிடைத்தது. மூக்கில் குழாய் வைத்த அன்று, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, நிறுத்தாமல் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்தார். மனைவி அழுதேவிட்டாள். பதினோராம் நாள் டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“உங்க தம்பிக்கு இனி ரெண்டு வாரம் தாண்டாதும்மா. இங்கயே இருக்கட்டும். கஷ்டம் தெரியாமப் பாத்துக்கறோம்.”

அவள் வந்து சொன்னதும், மாவுக்குத்தான் முதலில் உறைத்தது.

“இங்க நான் போனா, உன் தம்பி செத்துட்டதா எழுதிடுவாங்க. எல்லாம் வெளிய வந்துடும். கெளம்பலாம்.”

“வீட்ல ஆக்சிஜன் ஏதுங்க?”

“தெரியும்.”

‘எழுதினா எழுதட்டும், நீங்க இங்கயே இருங்க’ என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. அத்தை அத்தை என்று தன்னைச் சுற்றியே வளர்ந்த தம்பி பெண்கள் இரண்டும் கண்ணில் நின்றன. சொல்லவில்லை. அதற்காக அவளைத் திட்டவும் நமக்கு மனசு வரவில்லை, மன்னித்து விட்டுவிடவும் மனசு வரவில்லை.

நர்ஸ் குழாயைக் கழற்றினாள். வெளியேறும் தாளில் மாவு மச்சினன் பெயரைக் கையெழுத்துப் போட்டார். பதினாறு வருடப் பழக்கம். கை தடுமாறவே இல்லை. வாசலுக்குப் போவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தார்.