சக்கைத் தட்டில் முதல் பந்தி

என் அப்பா பெண்ணாடம் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையைக் கொதிகலனுக்குள் தள்ளும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். சக்கையைப் பற்றித் தனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்பது அவர் எண்ணம். இன்ஜினியரிங் முடித்த கையோடு, அந்தச் சக்கையில் சாப்பாட்டுத் தட்டு செய்யப்போகிறேன் என்று நான் போய் நின்றபோது அவர் சிரிக்கக்கூட இல்லை.

"எரிக்கற சாமான்மா அது. அதுல எவன் சோறு திம்பான்?"

நானும் என்னோடு படித்த இரண்டு பெண்களும் ஒரு பழைய மாட்டுத்தீவனக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம். சக்கையை ஊறவைத்து, வேகவைத்து, கூழாக அரைத்து, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. சொல்வதற்கு இவ்வளவுதான். முதலில் வந்தது அப்பளமாக நொறுங்கியது. அடுத்து வந்தது உண்மையிலேயே தட்டுதான். ஆனால் சக்கையில் மிச்சமிருந்த இனிப்புக்கு ஊர் எறும்பெல்லாம் வரிசை கட்டி வந்து அதைச் சுற்றி மொய்த்தன. "மொத பந்தி உக்காந்துடுச்சி" என்றார் அப்பா. வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சக்கையை இன்னும் நாலு தண்ணீரில் அலசவேண்டும் என்று கற்றுக்கொண்டது அந்த இரண்டு நாளில்தான்.

இதற்கிடையில் சென்னையில் ஒரு கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டது. அப்பா பந்தயம் வைத்தார். தோழிகளில் ஒருத்தியின் அக்காவுக்குச் சிதம்பரத்தில் வளைகாப்பு. அங்கே சாப்பாடு எங்கள் தட்டில்தான்.

"ஒரு தட்டு ஒழுவட்டும், திங்கக்கெழம நீ சென்னை பஸ்ல இருக்கணும்."

வீம்புக்குச் சரி என்றுவிட்டேன். ஆனால் கொட்டகையை விட்டுப் போக எனக்குத் துளியும் மனமில்லை. சாம்பார், ரசம், மோர், பாயசம் என்று ஒவ்வொன்றையும் ஊற்றி அரைமணி நேரம் வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை.

வளைகாப்பன்று அப்பா முதல் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தார், பரீட்சை ஹாலுக்கு வந்த பறக்கும் படை மாதிரி. தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுண்டினார். முகர்ந்தார். பிறகு, காலமெல்லாம் வாழையிலை முன்னால் உட்கார்ந்து பழகிய அவர் கை அவரைக் கேட்காமலே டம்ளரை எடுத்தது. தண்ணீரைத் தெளித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து வழித்துவிட்டார்.

எல்லாவற்றையும் சோதித்த நாங்கள் இதை மட்டும் சோதிக்கவில்லை. இத்தனைக்கும் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு பந்தியிலும் நாங்களும் அதைத்தான் செய்துவருகிறோம். ஈரத்தோடு தேய்த்தால் தட்டின் வழவழப்பு போய் நார் கிளம்பிவிடும். அப்புறம் அது தட்டில்லை, பஞ்சு.

"யாரும் தண்ணி தெளிக்காதீங்க!" என்று மண்டபம் அதிரக் கத்தினேன். தூக்கிய டம்ளர்கள் அப்படியே நின்றன.

"ஏம்மா, தண்ணியில எதனா செத்துக் கெடக்கா?" என்று ஒரு பெரியம்மா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

அப்பாவிடம் வேறு தட்டை நீட்டினேன். "போ போ, இதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். என் வீம்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்யவேண்டியதில்லை.

சாம்பார் வரைக்கும் தாங்கியது. ரசம் ஊற்றியதும் தட்டின் அடி நனைந்து, மேசைக் காகிதத்தில் ஓடி, அப்பாவின் வேட்டியில் சொட்டியது. அவர் குனிந்து மடியைப் பார்த்தார். நிமிர்ந்து, பாயச வாளியோடு எதிரே நின்ற என்னைப் பார்த்தார். போச்சு, ஊரைக் கூட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ இடது கையைத் தட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, மிச்ச ரசம் சோற்றை அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"தட்டு எப்பிடி மாமா?" என்று பக்கத்து இலைக்காரர், இல்லை, பக்கத்துத் தட்டுக்காரர் கேட்டார்.

"இரும்பு" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார். "இன்னாங்க இது, வேட்டி பூரா ரசம்?"

"ஊத்துனவனுக்குக் கண்ணு தெரில. மடியில ஊத்திட்டான்."

அம்மா அந்தப் பாவப்பட்டவனைத் திட்டிக்கொண்டே வேட்டியை ஊறவைக்கப் போனார். நான் உள்ளே போய், சென்னைக்கென்று அம்மா கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு எழுந்து வந்து, காலிப் பையை வாங்கிப் பரணில் போட்டார்.