மச்சானின் டெக்கைவிட அகலமாக

கனடாவின் மலையூரான வேல்மவுண்டில் குழாய் வேலை பார்க்கும் டுவெய்ன், மனைவி மார்லாவின் தம்பி கர்ட்டிஸிடம் எதையும் பொறுத்துக்கொள்வான், அவன் வாங்கும் புதுச் சாமானைத் தவிர. அந்தக் குளிர்காலத்தில் கர்ட்டிஸ் தன் பிக்கப் வண்டியின் பின்பெட்டி மேல் 'டெக்' என்னும் அலுமினிய மேடை ஒன்றைப் பொருத்தினான். பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல்கள் இரண்டு அதில் அக்கம்பக்கமாக ஏறி நின்றன. மலையடிவாரத்தில் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்தபோது டுவெய்னுக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே கடைக்குப் போய், "கர்ட்டிஸோட டெக்கைவிட அகலமா, இரும்புல ஒண்ணு குடு" என்றான்.

கடைக்காரி லொரீன் அவன் பிக்கப்பைப் பார்த்தாள். "உன் வண்டியோட பின்பெட்டி குட்டைப்பா. இரும்பு போட்டா பின்னாடி உக்காந்துடும். அலுமினியத்துல சின்னதா எடு."

"கர்ட்டிஸோடதைவிடச் சின்னதா? வேண்டவே வேண்டாம்."

சனிக்கிழமை புது இரும்பு டெக்கில் தன் ஸ்னோமொபைலையும் மார்லாவுடையதையும் ஏற்றி அவளோடு மலைக்குக் கிளம்பினான். பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்கள் பிடிமானம் இழந்தன. முதல் வளைவிலேயே பிக்கப் திரும்பாமல் நேராகப் போய்ப் பனிக்குவியலில் மூக்கைச் செருகியது.

இழுத்துவிட வந்தவன் கர்ட்டிஸ்தான். "என்ன மாமா, எனக்குப் போட்டியாவா இதை வாங்குனீங்க?"

"வேற எதுக்குடா?" என்றாள் மார்லா.

டுவெய்ன் இரும்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லொரீன் சொன்ன சின்ன டெக்கையே மாட்டிக்கொண்டான். அதில் ஒரு ஸ்னோமொபைல்தான் நிற்கும். மார்லாவுடையது இப்போது தம்பியின் டெக்கில்தான் மலைக்குப் போகிறது. அவளும் தம்பி வண்டியிலேயே, பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறாள். டுவெய்ன் வழிநெடுக அந்த டெக்கைப் பார்த்தபடியே பின்னால் ஓட்டிப் போகிறான்.